கும்பிடு போடும் நாற்பத்தொரு பேர்

மனித குலத்துக்கு ஞானம் பிறந்த இடங்கள் பல. சிலருக்கு மரத்தடியில் பிறந்தது, சிலருக்கு மலையுச்சியில். நம் காலத்தில், அது குளியலறையில் பிறந்தது என்பதைப் பெருமையோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருஷம் நேரம் குறித்து ஓய்வு பெற்றவர் அவர். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் பொன்மொழியார். தினமும் காலை ஆறு பத்துக்குக் கைப்பேசியோடு குளியலறைக்குள் போவார். ஆறு முப்பதுக்கு 'நம் சொந்தங்கள்' குரூப்பில் ஒரு வாசகம் வந்து விழும். "தலையணை மென்மையானது, தலைதான் கனமானது." "செருப்பு இரண்டு, பாதை ஒன்று." இப்படி. தலைப்பு மட்டும் எப்போதும் ஒன்றே: 'இன்றைய சிந்தனை'.

அத்தோடு விட்டாரா? ஏழு மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "படிச்சியா? என்ன புரிஞ்சுது? ரெண்டாவது அர்த்தம் ஒண்ணு இருக்கே, கவனிச்சியா?" என்று பரீட்சை வைப்பார். ஒரு மருமகன் இந்தப் பரீட்சையில் மாட்டி வேலைக்குப் போகும் ரயிலையே இரண்டு முறை விட்டிருக்கிறார். அதனால் குடும்பம் தற்காப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அவர் பெயர் திரையில் தெரிந்ததும் அழைப்பைத் துண்டிக்க வேண்டியது. உடனே குரூப்பில் ஒரு கும்பிடும் கையைப் போட வேண்டியது. கும்பிட்டவரைப் பொன்மொழியார் மறுபடி கூப்பிடுவதில்லை. நாற்பத்தொரு பேரும் இதில் கை தேர்ந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் இப்படிப்பட்ட ஒற்றுமையை வேறெங்கே பார்க்க முடியும்?

அன்று அவர் மனைவி விடியும் முன்பே மகள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். பொன்மொழியார் அடுப்பில் பாலை ஏற்றினார். தீயைக் குறைத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு சிந்தனைதானே என்று உள்ளே போனார். சிந்தனை வருமுன்பே பால் நினைவு வர, வெளியே வரக் கதவைத் திருகியபோது கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது.

தட்டினார், தோளால் இடித்தார். நேரம் குறித்தே பழகிய தலை கணக்குப் போட்டது. இன்னும் ஆறு நிமிஷத்தில் பால் பொங்கும். பொங்கித் தீ அணைந்தால் வீடு முழுக்க கேஸ். வியர்த்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு முறை மணி அடித்தது, அழைப்பு துண்டிக்கப்பட்டது. குரூப்பில் ஒரு கும்பிடும் கை வந்தது. மைத்துனரைக் கூப்பிட்டார். கும்பிடும் கை. மருமகன் இரண்டு கை போட்டார்.

இன்னும் வாசகமே போடவில்லை, அதற்குள் நான்கு கும்பிடு.

சரி, எழுதியே தொலைப்போம் என்று எழுதினார். ஆனால் விரல் பழகிய விரல். தலைப்பை அதுவே போட்டுவிட்டது.

"இன்றைய சிந்தனை. கைப்பிடி கழன்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டேன். அடுப்பில் பால் இருக்கிறது. யாராவது வாருங்கள்."

இதுவரை கண்டிராத வரவேற்பு. கைப்பிடி என்பது ஆணவம், அது கழன்றால்தான் விடுதலை என்று மைத்துனர் உரை எழுதினார். பால் நம் ஆசை, பொங்கும் முன்பே இறக்க வேண்டும் என்றார் ஒரு சித்தப்பா. ஒரு பெரியம்மா மகள் அழுதேவிட்டதாகத் தெரிவித்தாள். மனைவியோ பஸ்ஸிலிருந்து மறுபடியும் ஒரு கும்பிடு போட்டாள், இந்த முறை பூவோடு.

பொன்மொழியார் அவசரமாக எழுதினார். "இது சிந்தனை இல்லை. உண்மை."

"இது சிந்தனை இல்லை, உண்மை. என்ன ஒரு வரி அத்தான்" என்றார் மைத்துனர்.

முப்பத்தெட்டு கும்பிடு. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நெருக்கடியிலும் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. அதற்குள் யாரோ அதை வேறொரு குரூப்புக்கு அனுப்ப, அது அங்கிருந்து சுற்றிக்கொண்டு இவரிடமே திரும்பி வந்தது, 'பெயர் தெரியாத ஞானி சொன்னது' என்ற குறிப்போடு. பால் தீயும் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஞானியோ தன் பெயரைச் சேர்க்கும்படி கண்டன அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

பாதி அறிக்கையில் வெளியே சத்தம் கேட்டது. சாத்தியிருந்த வாசல் கதவு திறந்தது. ஏதோ டக் டக்கென்று தரையை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போனது, அடுப்பை அணைத்தது, ஜன்னலைத் திறந்தது, பிறகு குளியலறைக் கதவை வெளியிலிருந்து திருகியது.

அடுத்த தெருவில் தனியாக இருக்கும் அவர் தங்கை நின்றாள். ஒரு கையில் ஊன்றுகோல். இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

பொன்மொழியார் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பத்தொரு பேர்ல உனக்கு மட்டும்தாம்மா படிக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார். அப்புறம்தான் கட்டு கண்ணில் பட்டது. "கால்ல என்னம்மா?"

"படியில விழுந்துட்டேன் அண்ணா. பன்னெண்டு நாள் ஆச்சு. எழுந்திரிக்க முடியலை. உங்களக் கூப்பிட்டேன், ஏழு மணிக்கு மேல பாருங்க, உங்க ஃபோன் எப்பவும் பிஸிதானே. அதான் விழுந்த இடத்துலேர்ந்தே குரூப்புல போட்டேன். கால் ஒடிஞ்சிருச்சு, யாராவது வாங்கன்னு."

பொன்மொழியாருக்கு ரத்தம் கொதித்தது. "அதப் படிச்சிட்டு ஒருத்தர் கூடவா வரலை? என்ன ஜென்மங்க இதுங்க? கூட்டிட்டுப் போனது யாரு?"

"கேஸ் சிலிண்டர் போட வந்தவர். ரெண்டு மணி நேரம் கழிச்சு." தங்கை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கருகிய பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். "ஆனா பதில் வராம இல்ல அண்ணா. முதல் பதில் ஒரே நிமிஷத்துல வந்துச்சு. உங்களோடதுதான்."

"நானா? என்ன போட்டேன்?"

"'மிக அருமை. தொடர்ந்து எழுதவும்'னு."