மாமனார் வீட்டில் வீங்கிய பேட்டரி

லேப்டாப் மூட மறுத்தது. மாப்பிள்ளை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கடைசியில் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத் தகடு, விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

வேறு வீடாக இருந்தால் இது வெறும் பழுது. இந்த வீட்டில் குற்றம். மாமனார் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் வீட்டில் யாருக்கும் ஓய்வு கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விசில் ஊதுவார். வாயில் சோப்பு நுரை இருந்தாலும் சரி, சோறு இருந்தாலும் சரி, வெளி கேட் பக்கம் வரிசையில் வந்து நிற்க வேண்டும். பிறகு தலை எண்ணுவார். இருப்பது மகள், மருமகன் என்று இரண்டே தலை. அதையும் இரண்டு தடவை எண்ணுவார்.

போன மாதம் மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து ஒரு சட்டை கருகியது; அதற்கும் விசில் ஊதினார் மாமனார். அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது.

"இன்னொரு தடவை உங்களால விசில் சத்தம் கேட்டுச்சுன்னா, வேற வீடு பாத்துக்குங்க மாப்ள."

ஊரில் பாதிப் பேருக்கு வீட்டு வரைபடம் போட்டுக் கொடுத்தவர்தான் மாப்பிள்ளை. தனக்கு ஒரு கூரை மட்டும் இன்னும் வாய்க்கவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினார்.

கட்டட விதிப் புத்தகங்களில் தடிமனானவற்றை லேப்டாப்பின் மேல் அடுக்கினார். போதவில்லை என்று தானும் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நகப் பாலிஷ் மாதிரி ஒரு வாடை வந்தது. தொட்டுப் பார்த்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது. பதறிப்போய்த் திருகாணிகளைக் கழற்றினார். உப்பிப்போன பேட்டரியை எடுத்துத் துண்டில் சுற்றி, மாடியிலிருந்து பூனை நடை நடந்து கீழே போய், ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் சொருகினார். சூடானதைக் குளிரவைப்பதுதானே முறை என்று நெஞ்சைத் தடவி விட்டுக்கொண்டார்.

நெஞ்சிலிருந்து கையை எடுப்பதற்குள் மனைவி ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள்.

"என்னங்க, இது யாரு துண்டு?"

"என்னோடதுதான்."

"ஃப்ரிட்ஜுலயா காயப் போடுவாங்க?"

வேர்க்கிறது, ஜில்லென்று முகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தேன் என்று உளறிவிட்டு, அதைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். பேட்டரிமேல் இப்போது நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. மாடியில் இவருடைய அறை, மாமனாருடைய அறை, நடுவில் குளியலறை. வேறு வழி தெரியாமல் குளியலறை வாளித் தண்ணீரில் அதை முக்கி, மேலே ஒரு முறத்தைக் கவிழ்த்தார். அது புஸ்ஸென்று இரண்டு குமிழி விட்டது. மாப்பிள்ளை கதவை இழுத்துச் சாத்தினார்.

கீழே இறங்கினால், கூடத்தில் மாமனார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எங்கோ ஒரு கடையில் பேட்டரி வெடித்த செய்தி அன்றைய பேப்பரில் வந்திருந்தது. வகுப்பு ஆரம்பமானது. வீங்கின பேட்டரியை அழுத்தவே கூடாது என்றார். குத்தக் கூடாது, ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. சூடும் புகையும் இல்லாதபோதே கருவியை அணைத்துவிட்டு, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் வைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். செய்தது அத்தனையும் தப்பு என்று ஒருவர் வரிசை தவறாமல் சொல்லக் கேட்பது பெரிய தண்டனைதான்.

"புகை வந்துட்டா?" என்று மெல்லக் கேட்டார் மாப்பிள்ளை.

"தொடக் கூடாது மாப்ள. அந்தப் புகை விஷம். கதவைச் சாத்திட்டு வெளிய ஓடி வந்துடணும். அணைஞ்சிடுச்சுன்னு கிட்டப் போனா மறுபடி பத்திக்கும்."

அப்போது மாடியில் பட்டாசு மாதிரி படபடவென்று சத்தம். தொடர்ந்து சாம்பல் நிறப் புகை படிக்கட்டில் இறங்கி வந்தது. மனைவி ஈரத் துணிகளுடன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டை மறந்தார், தீர்ப்பை மறந்தார். மாமனார் கழுத்தில் தொங்கிய விசிலை இழுத்துத் தன் வாயில் வைத்து ஊதினார். கயிறு நீளம் போதாததால் மாமனாரும் கூடவே குனிய வேண்டியிருந்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மாமனாரை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

கேட் அருகே மாமனார் சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார். பிறகு மகளின் போனை வாங்கித் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொன்னார். வண்டி வந்தது. முகமூடி போட்டவர்கள் குழாயுடன் உள்ளே போனார்கள். மாடி ஜன்னலில் புகை கொட்டுவதை மனைவி அண்ணாந்து பார்த்தாள். இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால் அவள் அந்தப் புகைக்குள் இருந்திருப்பாள். அதை நினைத்தபோது மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"மாமா, நான்தான். லேப்டாப் பேட்டரி வீங்கிடுச்சு. உங்களுக்குப் பயந்து பாத்ரூம் வாளியில ஒளிச்சு வெச்சேன்."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷம் ஊரார் வீட்டில் தீயை அணைத்தவன் வீட்டுக்கே தீயா என்று ஆரம்பித்து, தெருவே கேட்கும்படி பொரிந்து தள்ளினார்.

"பேட்டரின்னா விளையாட்டா போச்சா? பொட்டியைக் கட்டுங்க மாப்ள. இன்னைக்கே."

"அப்ப என் துணியும் அதுலயேதான் வரும்பா," என்றாள் மகள்.

மாமனார் அதற்கும் அசையவில்லை. அசைந்தால் அவர் அதிகாரியில்லை. மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்துகொண்டு, முகமூடியைக் கழற்றியபடி தீயணைப்பு வீரர் ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் மாமனாரிடம் பயிற்சி எடுத்தவர். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, வாளியில இருந்த பேட்டரி அப்படியே இருக்கு, பத்திரமா வெளிய எடுத்துக்குறோம், எரிஞ்சது உங்க ரூம்ல நீங்க மெத்தைமேல சார்ஜ் போட்டுட்டு வந்த போன்."