‘தேவையான அளவு’ போன ஒயின் விருந்து

அடுப்பே மூட்டாமல், கரண்டியே பிடிக்காமல், உலகத்தில் உள்ள அத்தனை விருந்தையும் சாப்பிட்டு முடித்த ஒரே மனிதர் விருத்தாசலத்தில்தான் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு சின்ன யூனிட்டில் நான் கிளார்க். சூளையிலிருந்து இறங்கும் கோப்பைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. ‘கிண்’ என்றால் கடைக்குப் போகும், ‘டொக்’ என்றால் விரிசல், குப்பைக்குப் போகும். பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் ‘தேவையான அளவு’.

காரணம் இருக்கிறது. மதியம் மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பார். தினமும் மோர்ச் சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூடக் கிடையாது. சட்டைப் பையிலிருந்து வார இதழில் கிழித்த சமையல் பக்கத்தை எடுத்து விரித்து, உரக்கப் படித்துக்கொண்டே சாப்பிடுவார். “வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்” என்று ஒரு வாய். “முந்திரியை நெய்யில் வறுத்துத் தூவவும்” என்று ஒரு வாய். கண் சொருகிவிடும். ‘உப்பு, தேவையான அளவு’ என்ற வரி வந்தால் மட்டும் புது மாப்பிள்ளை பெண்டாட்டி பெயரைச் சொல்வதுபோலக் குரல் குழைந்துவிடும்.

கேட்டுக் கேட்டு எங்கள் புளிச்சோற்றிலும் நெய் மணக்க ஆரம்பித்துவிடும். சூளை எரிக்கும் கோவிந்தன், “அண்ணே, அந்தக் குருமாவ இன்னும் ரெண்டு கரண்டி படிங்க” என்று டிபன் பாக்ஸை நீட்டுவார். இவரும் முகம் சுளிக்காமல் படித்துப் பரிமாறுவார்.

இதையெல்லாம் ஒருநாள் செய்து சாப்பிட்டால்தான் என்ன என்று கேட்டேன். கோப்பையைக் கீழே போட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “செஞ்சா அது ஒரு மாதிரிதான் சார் இருக்கும். படிச்சா எப்படி வேணா இருக்கும்” என்றார்.

அந்தச் சமையல் பக்கத்தை எழுதிய அம்மையார் அப்போது டி.வி.யிலும் வந்து ஊரறிந்தவர் ஆகிவிட்டார். பாண்டிச்சேரியில் கடலோர ஓட்டல் ஒன்றில் அவர் சமையலும் ஒயினுமாக ஒரு விசேஷ விருந்து ஏற்பாடாயிற்று. தட்டெல்லாம் எங்கள் யூனிட் சரக்கு. அந்த மரியாதைக்கு முதலாளிக்கு அழைப்பு வந்தது. முதலாளிக்கு ஒயின் என்றால் பயம், அவர் மனைவிக்கு அதைவிடப் பயம். என்னையும் ‘தேவையான அளவை’யும் அனுப்பிவிட்டார்.

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மனிதர் ஜுரம் வந்தவர்போல பஸ்ஸில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வடலூர் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

“அவங்க கைச் சமையல நெசமாவே சாப்புட்டுட்டா, அப்புறம் இந்தத் தாளு ருசிக்குமா சார்? அது போச்சுன்னா மத்தியான சோறு எனக்கு எப்பிடி எறங்கும்?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் வராமலே இருந்திருக்கலாமே என்றேன். கூப்பிட்டும் போகாவிட்டால் அந்தம்மா மனசு கஷ்டப்படும் என்றார். அந்தம்மாவுக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

ஓட்டல் மாடியில் மெழுகுவத்தி வெளிச்சம், கடல் காற்று, எங்கோ மெல்ல ஒரு வயலின். நாங்கள் இருப்பது பூமியில்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சர்வர் வந்து கண்ணாடிக் கிண்ணத்தில் துளியூண்டு ஒயினை ஊற்றிவிட்டு நின்றார். ருசி பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டுமாம். சர்வர் கிண்ணத்தைத் திரும்ப வாங்கக் காத்திருக்கிறார் என்று எண்ணி, நம்மவர் மடக்கென்று குடித்துவிட்டு நன்றியோடு திருப்பிக் கொடுத்தார். சர்வர் நிறைய ஊற்றி வைத்துவிட்டுப் போனார்.

தேங்காய்ப்பால் இறால் வந்தது. அவர் பல தடவை படித்துச் சாப்பிட்ட அதே இறால். கை போகவில்லை. தவிப்பில் கை தன் பழைய வேலைக்குப் போய்விட்டது. ஸ்பூனை எடுத்து ஒயின் கிண்ணத்தைத் தட்டினார்.

கிண்ண்ண் என்று நீளமாக ஒலித்தது. நல்ல சரக்கு. எங்கள் பேட்டையில் தட்டினால் விரிசல் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மாதிரி இடங்களில் தட்டினால் ஒருவர் பேசப் போகிறார் என்று அர்த்தமாம். வயலின் நின்றது. மாடியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. தலைமை மேஜையில் இருந்த அம்மையார் சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

எழுந்துவிட்டார் மனிதர்.

“விருத்தாசலத்துலேருந்து வரேங்கம்மா. இத நீங்க ஒருவாட்டி உங்க வாயால சொல்றீங்களா? நான் கேட்டுக்கிட்டே சாப்புட்டுக்கிறேன்.”

சுற்றிலும் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “இறாலைச் சுத்தம் செய்து மஞ்சள் தடவி வைக்கவும்” என்று ஆரம்பித்தார். இவர் உட்கார்ந்து முதல் வாயை எடுத்து வைத்தார். வரிக்கு ஒரு வாய். சிரித்தவர்களும் ஒவ்வொருவராக அந்தக் குரலுக்குச் சாப்பிட ஆரம்பித்தார்கள். உப்பு என்ற இடத்தில் அந்தம்மா சற்றே தயங்க, இவர் கண்ணைத் திறக்காமலே மீதியை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

லாட்ஜில் படுத்து, காலை பஸ் பிடித்து, வீட்டில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தோம். எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பஸ்ஸில் அவர் பயந்ததை நான் வந்ததுமே எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். மதிய மணி அடித்தது. மோர்ச் சோற்றைத் திறந்து, புதுத் தாள் ஒன்றை விரித்தார். “கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கவும்” என்று படித்து, ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே இருந்தார்.

“எறங்குதாண்ணே?” என்றார் கோவிந்தன்.

“எறங்குதுப்பா” என்றார். கண் கலங்கியிருந்தது. “இப்ப அந்தம்மா கொரலும் சேந்து கேக்குது.”

அதற்குப் பிறகுதான் நாங்கள் எங்கள் சோற்றில் கை வைத்தோம். அந்த மனிதர் பட்டினி கிடந்துவிடுவாரோ என்று அத்தனை பேரும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.