கழுத்தில் தொங்கிய மைக்

உபகாரிகளில் உரத்த உபகாரி என்றொரு வகை உண்டு. காது கேளாத ஒருவரைக் கண்டதும் இவருக்கு மனம் இளகும், தொண்டை விரியும். நம் இயற்பியல் வாத்தியார் இந்த வகையில் முதல் தரம்.

அவருடைய ஒன்பதாம் வகுப்பில், முதல் பெஞ்சில் ஒரு பெண். காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியில் விழுகிற பாதியையும், பேசுகிறவரின் உதட்டில் தெரிகிற மீதியையும் சேர்த்துப் பாடத்தைப் பிடித்துக்கொள்வாள். வாத்தியாரோ அவள் மேலுள்ள கருணையில் வாயை முதலை போலத் திறந்து, எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கி, "மி...ன்...னோ...ட்...ட...ம்!" என்று பக்கத்து வகுப்பும் குறிப்பெடுக்கும்படி கத்துவார். அப்படிக் கோணிய உதட்டில் எதைப் படிப்பது? கத்தியானதும் கரும்பலகைப் பக்கம் திரும்பி, மீதிப் பாடம் முழுவதையும் அதற்கே நடத்துவார். கரும்பலகை தேறிவிட்டது. பெண் தேறவில்லை.

அவளுக்கு உதவ அவ்வப்போது வரும் சிறப்பு ஆசிரியை, சின்ன மைக் ஒன்றை வாத்தியார் கழுத்தில் மாட்டினார்.

"சார், இதுல பேசுறது நேரா அவ காதுக்கே போயிடும். கத்தவே வேண்டாம்."

"சரிங்க டீச்சர்!" என்று கத்தினார்.

மணி அடித்ததும், மாலை போட்ட பெருமிதத்தில் மைக்கோடேயே அடுத்த அறைக்கு, ஆசிரியர்களின் ஓய்வறைக்குப் போனார். தலைமையாசிரியரின் தலைமுடி அசல்தானா என்று ஆராய்ந்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். பிறகு கணக்கு டீச்சரிடம் பெருந்தன்மையோடு, "அந்தப் பொண்ணு பாவம். என்னத்தப் புரியப்போகுது? பாஸ் மார்க் போட்டுத் தள்ளிவிட வேண்டியதுதான்" என்றார்.

அணைக்காத மைக் வழியே எல்லாம் காதில் விழ, ஏப்பம்வரை வகுப்பில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தவள், சிரிப்பை நிறுத்தி எழுந்தாள்.

ஓய்வறை வாசலில் அவளைக் கண்டதும் வாத்தியாரின் கை தானாக மைக்கைத் தொட்டது.

"மார்க் தானமா வேண்டாம் சார்." கண் அவர் முகத்தை விடவில்லை. "எழுதி முடிச்சுட்டு என் பக்கம் திரும்பிப் பேசுங்க. சாதாரணமாப் பேசுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் குரல் எழும்பவில்லை. "மன்னிச்சிடும்மா" என்று உதடு மட்டும் அசைந்தது. அவளுக்கு அது தெளிவாகவே விளங்கியது.

அதன்பின் படம் வரைவார், சாக்பீஸை வைப்பார், திரும்புவார், பேசுவார். பழக்கம் லேசில் விடுமா? மறந்துபோய்ப் பலகையோடு பேச ஆரம்பித்தால் அவள் கை உயரும். மனிதர் பாதிச் சொல்லில் சுழன்று நிற்பார். மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கடைசி பெஞ்சுக்காரர்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆண்டுப் பரீட்சையில் அவள் தேறினாள், யாரும் தள்ளிவிடாமலே.

வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தாயிற்றா? நல்லது. ஆனால் சற்றுமுன் உங்கள் வீட்டில் யாரோ ஏதோ கேட்டார்களே, இந்தப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமலே "உம்" என்றீர்களே, அது யாருக்குச் சொன்ன பதில்?