இரண்டங்குலத் துண்டு கேட்டு ஒரு விண்ணப்பம்

கொட்டாஞ்சேனை,
17 பெப்ரவரி 1943, புதன்கிழமை.

யுத்தகாலத் தபாலைப் பரிசோதிக்கும் கனம் பொருந்திய அதிகாரி ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய ம. பஸ்தியாம்பிள்ளை மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவி மேபலும் சுகம். தாங்களும் தங்கள் கத்தரிக்கோலும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். இதைக் கேலி என்று எடுக்க வேண்டாம். அதுவும் நாட்டைக் காக்கும் ஆயுதந்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஒரே மகன் யோக்கீம் பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து போய் ஒன்றரை வருஷமாகிறது. எந்த நாட்டில் இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியக்கூடாது, சரி. ஆனால் ஐயா, இடத்தின் பெயரை வெட்டிய தாங்கள் அடுத்த வரியில் அவன் எழுதிய ஒட்டகத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். இங்கே பக்கத்து ஹெந்தளையில் ஒட்டகம் மேயாது என்பது எங்களுக்கும் தெரியும். பயப்பட வேண்டாம், ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

என் முறைப்பாடு வேறு. அடுத்த ஒழுங்கையில் இருக்கும் கபிரியேல் மாஸ்டரின் மகள் பிறிஜெற்றை அவனுக்குக் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் கோயில் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடியவர்கள். உனக்குச் சம்மதமா என்று போன வருஷம் ஆடி மாதம் எழுதிக் கேட்டேன். ஒக்ரோபர் பதினோராந் திகதி அவன் எழுதிய பதில் இந்த ஜனவரியில், மூவிராசாக்கள் திருநாளன்று, நாங்கள் பூசைக்கு வெளிக்கிடும் நேரத்தில் வந்தது. உறையைப் பிரிக்க நேரமில்லை. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவன், பூசை முடிந்து வாசலில் கபிரியேல் மாஸ்டரைக் கண்டதும் சந்தோஷத்தில் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். "மாஸ்டர், பதில் வந்திட்டுது!" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு அங்கேயே பிரித்தேன். தாளின் நடுவில் ஜன்னல் வைத்ததுபோல ஒரு ஓட்டை. அதற்குள்ளால் கபிரியேல் மாஸ்டரின் மூக்குத் தெரிந்தது. "என்ன பஸ்தியாம்பிள்ளை, இந்த ஓட்டைக்கோ என்ர மகளைக் கட்டிக் குடுக்கச் சொல்லுறீர்?" என்று கேட்டார். அவசரமாகத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

குற்றத்தில் பாதி என்னுடையது, ஐயா. முன்பெல்லாம் அவன் தாளின் ஒரு பக்கத்தில் மட்டுந்தான் எழுதுவான். காகிதத் தட்டுப்பாடான காலத்தில் இதென்ன ஊதாரித்தனம், மறுபக்கத்தை யாருக்கு வைத்திருக்கிறாய் என்று ஏசி எழுதியவன் நான். பிள்ளை சொல்வழி கேட்டான். முன்பக்கத்தில் முகாம் இருக்கும் இடத்தை எழுதினான். அதற்கு நேர் பின்னால் அவன் பதில். தாங்கள் இடத்தை வெட்டப் பதிலும் கூடவே போயிற்று. மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: "பிறிஜெற்றின் விஷயத்தைக் கனநாள் யோசித்தேன். என் முடிவு" என்று ஒரு பக்கம், பிறகு ஓட்டை, பிறகு "இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்."

இந்தப் பக்குவந்தான் வீட்டை இரண்டாக்கியது. கெட்ட செய்தியைத்தானே பக்குவமாகச் சொல்வார்கள், ஆகவே அவன் மாட்டேன் என்றிருக்கிறான் என்பது என் கட்சி. மேபல் விடவில்லை. "எனக்கு நெஞ்சுவலி எண்டு பிள்ளைக்குத் தெரியும். சந்தோஷத்தையும் எனக்குப் பக்குவமாத்தான் சொல்லோணும்," என்றாள். அடிமட்டம் வைத்து ஓட்டையை அளந்தேன், இரண்டு அங்குலம். "ஓம்" என்று எழுத அரை அங்குலம் போதுமே என்றேன். "உங்கட பிள்ளை தானே, அவன் எப்ப ஒரு சொல்லில கதைச்சவன்?" என்றாள். பிறகு யோக்கீமின் பழைய கடிதங்களை எல்லாம் விரித்து, "சம்மதம்" எவ்வளவு நீளம், "இப்போது வேண்டாம்" எவ்வளவு நீளம் என்று அவன் எழுத்திலேயே பொறுக்கி அளந்து பார்த்தோம். சனியன், இரண்டும் அந்த ஓட்டைக்குள் அடங்குகின்றன.

திரும்ப எழுதிக் கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். மூன்று கடிதம் எழுதிவிட்டோம். அவற்றுக்குப் பதில் வர இன்னும் காலமாகவில்லை, சரி. ஆனால் மாதம் ஒன்று தவறாமல் எழுதுகிறவனிடமிருந்து, அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. போன உயிர்த்த ஞாயிறன்று இங்கே குண்டு விழுந்தபோது, அவன்தான் எங்களை நினைத்துத் தவித்து எழுதினான். இப்போது முறை எங்களுடையது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

கபிரியேல் மாஸ்டரையும் குற்றம் சொல்ல முடியாது. ஹெந்தளையிலிருந்து பிறிஜெற்றுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு உத்தியோகம் இங்கேயே, ஆளும் கண்முன்னே நிற்கிறார். கலியாணம் செய்யக்கூடாத தபசுகாலம் தொடங்கமுன் காரியத்தை முடிக்க வேண்டும் என்று அவர்கள் நெருக்குகிறார்கள். அது தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன் மூன்றே மூன்று ஞாயிறுதான் உண்டு. கோயிலில் மூன்று ஞாயிறும் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்தாக வேண்டும். ஆகவே வருகிற சனிக்கிழமைக்குள் பதில் சொல்லும்படி மாஸ்டர் கேட்டுவிட்டார். தங்களை நேரில் காணலாம் என்று கோட்டைப் பக்கம் ஒரு கந்தோருக்குப் போனேன். வாசலில் நின்ற காவல்காரன் என் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் குடையை என் கையிலேயே தந்து திருப்பி அனுப்பினான்.

ஐயா, அந்தத் தமிழ்க் கடிதத்தை வாசித்து வெட்டியவர் தமிழ் தெரிந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும். என் மகனின் முடிவு தெரிந்தவர் அவனுக்குப் பிறகு இந்த உலகத்தில் தாங்கள் ஒருவர்தான். அந்தத் துண்டு குப்பைக்கூடையில் கிடந்தாலும் தேடிப் பார்த்து, இடத்தின் பெயரை மையால் அழித்துவிட்டு, பின்பக்கத்தை மட்டும் சனிக்கிழமைக்கு முன் அறியத்தரும்படி மன்றாடிக் கேட்கிறேன். தங்களுக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் எப்போதும் தங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்குத் தாழ்மையுள்ள,
ம. பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பிறிஜெற் வந்தாள். மேபல் அவளிடம் ஒன்றையும் மறைப்பதில்லை. இந்தக் கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டாள். பிள்ளை நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். "மாமா, இதை அனுப்ப வேண்டாம். ஹெந்தளைக்காரருக்கு ஏலாதெண்டு எங்கட அப்பாட்ட காலமையே சொல்லிப்போட்டன்," என்றாள். அவன் மாட்டேன் என்று எழுதியிருந்தால் என்னம்மா செய்வாய் என்று கேட்டேன். "மாட்டன் எண்டு சொல்லுறதெண்டாலும் இஞ்ச வந்து, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அதுக்காகவாவது வரட்டும், மாமா," என்றாள். மேபல் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே ஐயா, துண்டைத் தேட வேண்டாம். கிடைத்தாலும் அனுப்ப வேண்டாம். அதில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை அனுப்புவது இனி ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான். என் மகன் எழுதிய கடிதம் ஒன்று தங்கள் மேசைக்கு வந்தால், விருப்பப்படி முழுவதையும் வெட்டுங்கள். மேலே திகதியையும் கீழே அவன் வைத்த கையெழுத்தையும் மட்டும் விட்டு அனுப்புங்கள்.