மூன்றுமுனை நட்சத்திரமும் முன்சீற்றுச் சமரும்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மாவிட்டபுரத்துக் கந்தன்மீது ஆணை. அது போதாதென்பார்க்கு ஒழுங்கை முகப்பு வைரவர்மீதும் ஆணை. சத்தியம் செய்த வேளையில் வலக்கையில் தேநீர்க் கோப்பை இருந்தமையால் இடக்கையைத் தூக்க நேர்ந்தது. அதற்காகச் சத்தியம் பாதியாகிவிடாது. ஐயமுள்ளோர் இப்போதே எழுந்துபோய்த் தங்கள் அலுவலைப் பார்க்கலாம்.

வாழ்க இராசநாயகம்! பண்டத்தரிப்பின் செம்மண்ணைப் புரட்டி வெங்காயத் தறைகளை ஆண்ட வேளாண் வேந்தன் வாழ்க! மீனிறைச்சி என்னும் மச்சம் தீண்டா மணிவாயன், மண்வெட்டி தழுவிய மலைத்தோளன், கூட்டுறவுச் சங்கக்கடை வாங்குப் பலகையில் அமர்ந்தால் வாங்கே வணங்கி வளையும் வலியோன், பராசக்தி என்னும் பெருமாட்டியின் கைப்பிடித்த கணவன், கடல்கள் பல கடந்து அமெரிக்க நாட்டில் சரக்கு வான் ஓட்டும் மயூரதனைப் பெற்றெடுத்த மாபெருந் தந்தை வாழ்க, வாழ்க! கலைமகளே, வந்து நாவில் அமர். அங்கே முன்சீற்று, பின்சீற்று என்ற பேதமில்லை.

இத்தகு பெருந்தகைக்கு ஒரேயொரு குறை. ஓடும் வாகனத்தில் சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தை விடுத்து வேறெங்கு அமர்ந்தாலும், முதல் வளைவில் அவர் முகம் வாழைக்குருத்தாய் வெளிறும். இரண்டாம் வளைவில் வயிறு ஆடிமாதக் கடலாய்க் குமுறும். மூன்றாம் வளைவில் சத்தி. காலையில் உண்ட இடியப்பம் உண்ட ஒழுங்கிலேயே திரும்பி வரும். இந்த இரகசியம் பராசக்தி ஒருத்திக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தால், கைக்குழந்தைகளுக்கு வருகிற வருத்தமல்லவோ என்று கேட்டுவிடுவார்கள். கேட்டபின் வெங்காய வேந்தன் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவது?

நல்லகாலமாக அவர் குடியிருந்த குறுந்தெருவுக்கு, அந்த ஒழுங்கையாருக்கு, ஒரு வழக்கம் இருந்தது. கலியாண வீடோ செத்தவீடோ, தூரத்துக் காரியமென்றால் வாடகைக்கு ஓடும் சுபாஸின் வானைப் பிடித்து எல்லாரும் சேர்ந்து போவார்கள். சாரதிக்குப் பக்கத்து முன்சீற்று, எவருடைய பிள்ளை வெளிநாட்டில் உயர்ந்த நிலையில் இருக்கிறதோ அவருக்கு. எங்கும் எழுதப்படாத சட்டம். ஆனால் மீறினவர் இல்லை. கனடாவில் வீடு வாங்கியவனின் தகப்பன், கனடாவில் வாடகைக்கு இருப்பவனின் தகப்பனுக்கு முன்னால். சுவிசில் கடை வைத்திருப்பவனின் தாய், அந்தக் கடையில் நிற்பவனின் தாய்க்கு முன்னால். அளவுகோல் அவ்வளவு நுட்பமானது.

இராசநாயகத்துக்கு அந்த அரியணையைப் பெற்றுக் கொடுத்தது ஒரு படம். அதில் மயூரதன் ஒரு வெள்ளை வானில் சாய்ந்து நின்றான். வானோ, வானளாவிய வான். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம், வேண்டுமானால் ஆடலாம். அதன் நெற்றியிலே, வட்டத்துக்குள் மூன்று முனை விரித்து, பென்ஸ் நட்சத்திரம் சுடர்விட்டது. ஒழுங்கைச் சைவப் பெருமக்கள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, அது நட்சத்திரமன்று, சூலம் என்று முடிவுகட்டினர். சூலந்தாங்கிய வாகனம் செலுத்தும் மைந்தன்! அன்றுதொட்டு முன்சீற்று இராசநாயகத்தினது. இடியப்பமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இனி எதிரியைச் சொல்வோம். அவர் நேசையா மாஸ்ரர். மிசன் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்து இளைப்பாறியவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கும் வெண்கலக் குரலோன். பால்வெள்ளை நஷனல் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத மாவீரன். அவருடைய மகன் றொபினும் அதே அமெரிக்காவில் அதே தொழில்தான் செய்தான். அவன் அனுப்பிய படத்திலும் அதே வான். அதே கதவு, அதே கண்ணாடி, அதே உயரம். ஆனால் நெற்றியில் நட்சத்திரம் இல்லை. அந்த இடத்தில் ஒரு லொறிக் கொம்பனியின் பெயரை நீட்டி எழுதியிருந்தது. அமெரிக்காவில் அந்த ஜேர்மன் வானை அப்படித்தான் விற்றார்கள்: ஒரு கடையில் நட்சத்திரத்தோடு, வேறொரு கடையில் லொறிப் பெயரோடு. ஒழுங்கையார் கண்டது நெற்றியை மட்டும். லொறி என்று தீர்ப்பாயிற்று. நேசையா மாஸ்ரர் கடைசி வரிசைக்கு, மேலதிகச் சக்கரத்து ரயருக்குப் பக்கத்துக்கு அனுப்பப்பட்டார். வனவாசம் போனவர்களுக்காவது காற்றோட்டம் இருந்தது.

இவ்வாறு உலகம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில், கடைசி வீட்டு உதயகலாவின் மகள் சாருஜாவுக்குக் கொழும்புத்துறையில் கலியாணம் என்று முடிவாயிற்று. சண்டிலிப்பாய் வளைவுகள், மானிப்பாய் நெரிசல், பட்டணத்து வெயில், அதற்கும் அப்பால் கடனீரேரிக் காற்று. இத்தனையும் தாண்டவேண்டிய நெடும்பயணம். அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, மாலைநேரம், ஒழுங்கையார் எல்லாரும் உதயகலா வீட்டில் பலகாரத்துக்கு மாவிடித்துக்கொண்டிருந்த சபையில், நேசையா மாஸ்ரர் எழுந்தார். கையில் போன். தொண்டையைச் செருமினார். உலக்கைகள் அந்தரத்தில் நின்றன.

"எல்லாரும் கேளுங்கோ. அமெரிக்காவிலை லொறிப் பேரிலை அந்த வானை விக்கிறதை நிப்பாட்டிப் போட்டாங்கள். இனி எந்தக் கடையிலை எடுத்தாலும் நட்சத்திரம்தான். என்ரை றொபின் புதுசு எடுத்திட்டான். இராசநாயகத்தின்ரை பொடியன் ஓடுறது பழசு. கொழும்புத்துறைக்கு முன்சீற்று ஆருக்கெண்டு இனி நீங்களே யோசியுங்கோ."

போன் கைமாறியது. றொபின் நின்றான், பின்னால் வான் நின்றது, வானின் நெற்றியில் சூலம் நின்றது. அது போதாதென்று, மயூரதனின் சூலத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாகவும் நின்றது. சபை மூச்சு விட்டது. கோடையிடி விழுந்த ஒற்றைப்பனை எரியுமுன் ஒருகணம் ஒன்றும் நடவாததுபோல நிற்குமே, அதுபோல நின்றார் இராசநாயகம். அவருடைய மனக்கண்ணில் பட்டுவேட்டி தெரிந்தது; கடைசி வரிசை தெரிந்தது; ரயர் தெரிந்தது; சண்டிலிப்பாயின் மூன்றாம் வளைவு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகனைப் போனில் பிடித்தார். மயூரதன் இரவு வேலை முடிந்து களைத்திருந்தான். "அப்பா, ரெண்டும் ஒரே வான்தான். முந்தியும் ஒண்டுதான், இப்பவும் ஒண்டுதான். ஒட்டின பேர்தான் வேறை," என்றான்.

"உந்தக் கதையை நீ வேறை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை," என்றார் தந்தை.

பின்பு, படைக்கலம் ஏதும் தேறுமா என்று மகனைத் துருவித் துருவிக் கேட்டார். அவனும் தெரிந்ததைச் சொன்னான். முன்னொரு காலத்தில் ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி விதித்தனர். வெகுண்டெழுந்த அமெரிக்கர் ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கு வாகனத்துக்கு வரி விதித்தனர். அந்தக் கோழிகள் இறந்து, அவற்றை உண்டவர்களும் இறந்து, வரி மட்டும் சாகாமல் இருந்தது. முழு வானாக இறக்கினால் கொள்ளை வரி. துண்டாக இறக்கினால் குறைவு. ஆகவே ஜேர்மன்காரர் புத்தம்புது வானைப் பூட்டி, ஓடுகிறதா என்று பார்த்து, ஓடுகிறது என்று கண்டபின் அதையே கழற்றி, எஞ்சினை ஒருபக்கம் உடலை ஒருபக்கம் எனக் கப்பலேற்ற, அக்கரையில் அமெரிக்கர் அதை மறுபடி பூட்டினார்கள். (முதலில் செய்த சத்தியத்தை இவ்விடத்தில் ஒருமுறை நினைவுகூர்க.) இப்போதோ அமெரிக்காவிலேயே தொழிற்சாலை வைத்து, அடிமுதல் முடிவரை அங்கேயே செய்கிறார்கள்.

இந்த நெடுங்கதையில் இராசநாயகம் கோழியைக் கேட்கவில்லை, கழற்றியதைக் கேட்கவில்லை, பிறப்பை மட்டும் கேட்டார். மறுநாள் அதே சபையில், பனங்கட்டி பாகாகும் அடுப்பங்கரையில், மார்பை நிமிர்த்திப் பிரகடனம் செய்தார்: தம் மகனுடைய வான் ஜேர்மன் மண்ணில் பிறந்த தூய குலக்கொழுந்து, றொபினுடையது அமெரிக்காவில் பிறந்த பிந்திய வித்து, நட்சத்திரத்தை எவரும் ஒட்டலாம், பிறப்பை ஒட்ட முடியுமோ? சபை தலையசைத்தது. பிறப்பு என்ற சொல் அந்த ஒழுங்கையில் என்றைக்கும் தலையசைக்க வைக்கும் சொல். முன்சீற்று மெல்லத் திரும்பி வரும் ஓசை இராசநாயகத்தின் காதுக்குக் கேட்டது.

ஆனால் பூமிசாத்திரம் படிப்பித்தவரிடம் பாதிக் கதை விற்கலாமா? நேசையா மாஸ்ரர் அன்றிரவே றொபினை அழைத்தார், மூன்றாம் நாள் வந்தார். பிரசங்க பீடத்தில் ஏறியவர்போலக் குரலைத் தாழ்த்தி, வளர்த்து, உயர்த்தி, கோழிப்போரை முட்டையிலிருந்து தொடங்கி முழுவதும் உரைத்தார். கடைசியில் இராசநாயகத்தை நேரே பார்த்து, "ஆகையினாலே, கோழிக்குப் பயந்து கழட்டிப் பூட்டின வான் அது. மச்சம் தொடாத மனிசன்ரை மகன் ஓடுறது கோழி வான்," என்று முடித்து அமர்ந்தார்.

அந்த ஒற்றை அம்பு தைத்த புண்ணை எந்தக் கவி பாடுவான்! அன்று மாலை சங்கக்கடையில் எவனோ மெதுவாகக் கொக்கரித்தான். சிறுவர் சிரித்தனர். இராசநாயகம் வீடு சேர்ந்து, போனில் இருந்த மகனின் படத்தைச் சுவாமி அறைப் பக்கம் காட்டாமல் திருப்பி வைத்தார்.

கலியாணக் காலை புலர்ந்தது. சுபாஸின் வான் ஒழுங்கை முகப்பில் வந்து நின்று உறுமியது. கோத்த மல்லிகையும் காஞ்சிபுரமுமாய்ப் பெண்கள் உள்ளே நிறைந்தனர். அவ்வேளை மேற்கிலிருந்து பட்டுவேட்டி சலசலக்க இராசநாயகம் வந்தார். கிழக்கிலிருந்து நஷனல் பளபளக்க நேசையா மாஸ்ரர் வந்தார். இரு மதயானைகள் ஒரே கேணியில் துதிக்கை நீட்டினாற்போல இரு கரங்களும் முன்கதவின் கைப்பிடியை ஒரேகணத்தில் பற்றின. ஆகா, அந்தப் பிடியை என்னென்பது! ஒருவர் இழுக்க மற்றவர் அழுத்த, கதவு திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் தவிக்க, வெங்காயம் வளர்த்த புயமும் உலகப்படம் விரித்த புயமும் ஒன்றோடொன்று பின்ன, சால்வைகள் சரிய, வேர்வை பெருக, வான் இடமும் வலமும் ஆட, உள்ளிருந்த பெண்டிர் இடமும் வலமும் ஆடினர். வைரவர் சூலத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபாஸ் வெற்றிலை சப்பிக்கொண்டு நின்றான். அவனுக்கு இதில் ஒரு பக்கமும் இல்லை, பெற்றோல் எரிகிறதே என்ற கவலைதான். முகூர்த்தம் நெருங்கியது. இருவரும் விடவில்லை.

அப்போது யன்னலால் தலையை வெளியே நீட்டினாள் பராசக்தி. அவள் சங்கு ஊதவில்லை, முரசு அறையவில்லை. கலியாணத்துக்கு நேரமாகிறது என்ற கோபம் மட்டும் அவளிடம் இருந்தது.

"மாஸ்ரர், நட்சத்திரமும் வேண்டாம் கோழியும் வேண்டாம். இவர் பின்னாலை இருந்தாச் சத்தி எடுப்பார். உங்கடை வெள்ளை நஷனலிலைதான் எடுப்பார். உந்த ஆட்டமெல்லாம் அதுக்குத்தான்."

காத்துவந்த இரகசியம் நடுவீதியில் விழுந்து, எல்லாரும் பார்க்கக் கிடந்தது. இராசநாயகத்தின் பிடி நழுவியது, தலை கவிழ்ந்தது, மண்வெட்டிக்கு அஞ்சாத தோள் சால்வைப் பாரம் தாங்காமல் தொய்ந்தது. வெற்றி நேசையா மாஸ்ரருடையது. கைப்பிடி அவர் கையில். ஏறி அமர வேண்டியதுதான்.

அவர் ஏறவில்லை. நஷனல் பைக்குள் கைவிட்டு, முகர்ந்து முகர்ந்து கறுத்துப்போன ஓர் எலுமிச்சந் தேசிக்காயை எடுத்தார். வெண்கலக் குரல் இறங்கிப்போயிருந்தது.

"எனக்கும் உந்தச் சத்திதான், இராசநாயகம். அந்த ரயர் மணத்துக்குள்ளை நான் பட்டபாடு கர்த்தருக்குத்தான் தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் புதிதாய்க் கண்டவர்போல நோக்கினர். பின்பு தொடங்கியது முன்னதினும் கொடிய போர். நீர் ஏறும் என்றார் மாஸ்ரர். நீங்கள் ஏறுங்கோ மாஸ்ரர் என்றார் இராசநாயகம். ஒருவரை ஒருவர் தள்ளினர்; தள்ளப்பட்டவர் இறங்கினார்; இறங்கியவர் மற்றவரைத் தூக்கி ஏற்ற முயன்றார். வள்ளல்கள் எழுவரும் ஒரே வாசலில் கூடினாலும் இத்தனை கொடை நிகழ்ந்திராது. தியாகம் மிதித்த புழுதி பனையுச்சிவரை எழுந்தது. உள்ளிருந்த பெண்டிர் மறுபடியும் இடமும் வலமும் ஆடினர். கொழும்புத்துறையில் மேளம் கெட்டிமேளத்துக்குக் காத்திருந்தது.

சுபாஸின் வானில் முன்னுக்கு, றைவருக்குப் பக்கத்தில், இரண்டு பேர் இருக்கலாம்.