ரோமாபுரிப் பேய்க்கு அவிநாசி ரோட்டில் பரிகாரம்

"கையை நீட்டுடி!"

"நீட்ட மாட்டேம்மா. நான் யாரையும்..."

"லவ் பண்ணலீன்னா நீட்டறதுக்கு என்ன?"

"பண்ணலீன்னு ஒரு வருசமாச் சொல்லிட்டு..."

"நீ சொன்னா ஆச்சா? தண்ணி சொல்லோணும்!"

"தண்ணி பேசுமாம்மா?"

"இங்க பேசுதே! ஊரே வந்து நிக்குது, கண்ணு தெரியலையா உனக்கு?"

ஊர் வந்துதான் நின்றது. கருமத்தம்பட்டிக்கு வெளியே, அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், காதலர் தினத்துக்கு முந்தின நாள் காலை செருப்பு விட இடமில்லை. வாசலில் ஆளுயர பேனர்: 'காதல் நிவாரணச் சித்தர் திருமூர்த்தி அடிகள்.' அடியில் தலையில்லாத ஒரு வெள்ளைக்கார உருவம், கையில் ரோஜாப்பூவோடு.

காதலர் தினம் தினமே இல்லையாம். பேயாம். ரோமாபுரி ராஜா தலையை வெட்டிய வாலண்டைன் பாதிரியின் ஆவி, பிப்ரவரி பதினாலுக்குக் கடல் தாண்டி வந்து, கோயமுத்தூர்க் கல்லூரிகளில் படிக்கும் பெண்பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறதாம். பையன்களைப் பிடிக்காதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பேய்க்கும் நம்மூர் வழக்கம் தெரிந்திருக்கிறது.

சோதனை சுலபம். சீடர் மாரப்பன் பெண்ணின் உள்ளங்கையில் திருநீறு பூசுவார். அடிகள் முன்னால் இருக்கும் மஞ்சள் தண்ணீரில் அந்தக் கையை முக்க வேண்டும். தண்ணீர் மஞ்சளாகவே நின்றால் பெண் சுத்தம். சிவந்தால் பேய். பேய் இறங்க, பெண்ணின் கழுத்துச் சங்கிலி உண்டியலில் இறங்க வேண்டும். பேய்க்குத் தங்கம் ஆகாதாம். அடிகளுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்பது தேவ ரகசியம்.

கையை நீட்டச் சொன்னவள் பத்மாவதி. விசைத்தறி வீட்டு அம்மாள். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ஆலாத்தி கரைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். நீட்ட மாட்டேன் என்றவள் மகள் அக்ஷயா. படிப்பு முடிந்து, புனேயில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது.

"தண்ணி மஞ்சளா நின்னா, புனேக்குப் போ. செவந்துச்சோ, தாராபுரத்து அரிசி மில் மாப்பிள்ளை ஊட்டுக்கு இங்கிருந்தே போன் பண்ணிப்போடுவேன்."

கூடவே அடுத்த வீட்டு மரியபுஷ்பமும் வரிசையில் நின்றாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். இங்கே எதற்கு என்கிறீர்களா? பத்மாவதியின் ஏற்பாடு.

"பேய் உங்க ஆளுங்க, புஷ்பம். நீங்க ரெண்டு வார்த்தை நல்லபடியாச் சொன்னாக் கேக்கும்."

"பத்மாக்கா, எங்க கோயில்ல அவரு பேய் இல்லீங்க, புனிதர். தலையை வெட்டுனாங்கன்னு சொல்றாங்க. அதுக்கு மேல உறுதியா ஒன்னும் தெரியலைன்னு ரோமிலயே அவர் நாளைப் பொதுக் காலண்டர்ல இருந்து எடுத்துப்போட்டாங்க. வலிப்பு வந்தவங்களும் தேனீ வளக்கறவங்களும் அவரை வேண்டிக்குவாங்க. காதலைக் கொண்டுபோய் அவர்கிட்டச் சேத்தது, பல நூறு வருசம் கழிச்சு வந்த கவிஞருங்க."

"கண்ணு தெரியாத பொண்ணுக்குப் பார்வை குடுத்தாராமே?"

"கேட்ட கதைதானுங்க. நான் பாக்கலை. அதைச் சொல்லி யார் சங்கிலியையும் நான் கழட்டலையே!"

அதற்குள் மாரப்பன் வந்துவிட்டார். கையில் இரண்டு திருநீற்றுத் தட்டு. முன்னால் நின்ற தாயிடம் கேட்டார்: "பாப்பா எப்படிங்க?"

"என்ற புள்ளை தங்கமுங்க. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

வலது தட்டுத் திருநீறு அந்தப் பெண்ணின் கையில் ஏறியது. அடுத்து பத்மாவதி.

"உங்க பாப்பா எப்படிங்கம்மா?"

"அதையேன் கேக்கறீங்க! எந்நேரமும் போனுதான். எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குது."

இடது தட்டு. அக்ஷயா இரண்டையும் பார்த்துக்கொண்டாள். இந்த முறை மறுக்காமல் கையை நீட்டினாள்.

உள்ளே, வெண்கலக் கிண்ணத்தில் கை முங்கியது. தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. மண்டபமே "ஐயோ!" என்றது. அடிகள் கண்ணை உருட்டினார்.

"யார் நீ? எங்கிருந்து வருகிறாய்?"

கேட்ட வாயாலேயே, குரலை மட்டும் கரகரப்பாக்கிக்கொண்டு பதிலும் சொன்னார்: "ரோமாபுரியில இருந்து வாரேனுங்க!"

"பரவால்லீங்களே!" என்றாள் புஷ்பம். "நம்மூர்ப் பேச்சு நல்லாப் பேசறாருங்க."

"ஆவிக்கு மொழி பேதம் இல்லை, அம்மணி! சங்கிலி இறங்கட்டும்!"

பத்மாவதி அழுதுகொண்டே மகளின் கழுத்துக் கொக்கியைத் தேடினாள். அக்ஷயா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகமுங்க. இதே திருநீறைப் பூசி நீங்க கை முக்குனா என்ன ஆகும்?"

"நான் முற்றும் துறந்தவன். சிவக்காது."

"அப்ப முக்கிக் காட்டுங்க."

"துறவியைச் சோதிப்பதா?"

அவரை மாட்டிவிட்டது பக்தர்கள்தான். "சாமி காட்டட்டும்! சாமி கை பட்டாத் தண்ணி தங்கமா மாறும்!" என்று கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் அடிகள் வெறுங்கையை நீட்டினார்.

"அப்படி இல்லீங்க. இந்தத் தட்டு." இடது தட்டை அக்ஷயாவே எடுத்து வந்திருந்தாள். "உங்க திருநீறை நீங்களே வேண்டாம்னா எப்படீங்க?"

"அதானே!" என்றது கூட்டம்.

புதுத் தண்ணீர் வந்தது. பூசிய கை முங்கியது. தங்கமாக மாறவில்லை. அக்ஷயாவுக்கு எப்படிச் சிவந்ததோ, அப்படியே சிவந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆத்தாவின் குரல் கேட்டது:

"யாருங்க சாமி அந்தப் பொண்ணு?"

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது.

"ஆவி... ஆவி என் மேல் பாய்ந்துவிட்டது!"

"அப்ப உங்க சங்கிலியைக் கழட்டுங்க" என்றாள் புஷ்பம். "உருத்திராட்சத்துக்குக் கட்டுன பவுனும் பவுனுதானுங்களே?"

பத்மாவதி மட்டும் சிரிக்கவில்லை. இடது தட்டில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நெருடினாள். மோந்து பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு" என்றாள். "மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு. இது ஆலாத்தி."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆலாத்தி கரைக்காத கை அந்த மண்டபத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மணமக்கள் முன்னால் சுற்றினால் மங்கலம். அதையே ஒரு காவி வேட்டி கிண்ணத்தில் காட்டினால் பேய்! ரோமாபுரி ராஜா வெட்டியது ஒருவரின் தலையை. இங்கே அத்தனை பேரும் தாங்களாகவே கழற்றி, வாசலில் செருப்போடு விட்டுவிட்டு அல்லவா உள்ளே வந்திருக்கிறார்கள்!

மாரப்பன் அதற்குள் பின்சுவர் ஏறிக் குதித்திருந்தார். அடிகளால் ஏற முடியவில்லை. வேட்டி நுனி நாலைந்து அம்மாள்கள் கையில் இருந்தது. செந்தமிழ் எங்கேயோ போயிருந்தது. "உடுங்கம்மா, சங்கிலியெல்லாம் குடுத்துப்போடறனுங்க!"

பத்மாவதி மகளின் கழுத்துக் கொக்கியைச் சரிசெய்தாள்.

"பேயும் இல்லை, ஒன்னும் இல்லை, கண்ணு. நீ தாராளமாப் புனேக்குப் போயிட்டு வா."

அக்ஷயா சிவந்த உள்ளங்கையைத் தாயின் முன் விரித்துக் காட்டினாள்.

"அந்த ஆளு என்ற கையைப் பாத்துத் தட்டை எடுக்கலைம்மா, உன்ற வாயைக் கேட்டுத்தான் எடுத்தான். சுண்ணாம்புத் தண்ணி ஒரே ஒரு தடவை சொன்னதும் நம்புனியே, நீ பெத்த புள்ளை ஒரு வருசமாச் சொன்னதை ஏம்மா நம்பலை?"