குப்பையண்ணை நேரில் வந்து சொன்னார்

மொன்றியல் தீவு முழுவதிலும், ஏமாற்றுக்காரர்கள் எழுதும் ஸ்பாம் மின்னஞ்சல்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மரியாதையோடு வாசித்த ஒரே மனிதர் எங்கள் குப்பையண்ணைதான். வாசித்ததோடு விட்டாரா? பதிலும் போட்டார்.

செயின்ட்-மிஷேலில் ஒரு தளபாடக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். இணையத்தில் சூதாட்டம் நடத்தும் ஒரு கசினோவின் வாடிக்கையாளர் சேவை. அதன் பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லும் அளவுக்கு அதற்குத் தகுதியும் கிடையாது. வாடிக்கையாளர்கள் எழுதும் மின்னஞ்சல்களுக்கு நாங்கள் ஆறு பேர் பதில் எழுத வேண்டும். எழுதியிருப்போம், அவை எங்களிடம் வந்து சேர்ந்திருந்தால்.

சேராததற்குக் காரணம் எங்கள் மேலாளர் ஆசையாய் வாங்கிப் பூட்டிய ஸ்பாம் வடிகட்டி. 'கசினோ', 'பணம்', 'பரிசு', 'அவசரம்' என்ற சொற்களில் எது இருந்தாலும் அது கடிதத்தைத் தூக்கிக் குப்பைப் பெட்டிக்குள் போட்டுவிடும். முப்பது நாளில் பெட்டி தானாகவே காலியாகும். கசினோவுக்குக் கடிதம் எழுதுகிறவன் கசினோ என்று எழுதாமல் கத்தரிக்காய் என்றா எழுதுவான்? மீன் சந்தை வாசலில் நின்று, மீன் மணக்கிறது என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிய மாதிரி இருந்தது. முறைப்பாடுகள் ஆடிக்கொருக்கால் ஆவணிக்கொருக்கால்தான் எங்கள் கண்ணில் பட்டன. முறைப்பாடே இல்லாத சேவை என்று மேலாளர் எங்களுக்குக் கேக் வெட்டினார். நானும் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல் இரண்டு துண்டு.

நாங்கள் அனுப்பும் பதில்களுக்கும் அதே கதிதான். எங்கள் பெயரிலேயே கசினோ இருந்ததால் அவை வாடிக்கையாளர்களின் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுந்தன. 'இன்று இலவசமாக ஆடுங்கள்' என்று ஆசை காட்டும் கடிதங்கள் மட்டும் ஒன்று பிசகாமல் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதற்கென்று கொம்பனி தனியாக ஒரு வழி வாங்கி வைத்திருந்தது. அந்த வழியைப் பதில் அனுப்பவும் பாவிக்கலாமே என்று கேட்கும் மூளை அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் குப்பையண்ணை இருந்தார். ரொக்ஸ்பரோவிலிருந்து தினமும் வருவார். வந்ததும் பிளாஸ்க்கை மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, குப்பைப் பெட்டியைத் திறந்து ஒன்றாம் கடிதத்திலிருந்து வாசிப்பார். யாரும் அவரை வாசிக்கச் சொல்லவில்லை. நாங்கள்தான் அந்தப் பட்டப்பெயரை வைத்து, அவர் காதுபடவே சிரித்தோம்.

ஒருநாள், தகப்பன் இறந்துவிட்டார், அரண்மனைச் சொத்தை வெளியே எடுக்க உதவி வேண்டும் என்று ஓர் இளவரசன் எழுதியிருந்தான். அண்ணை உட்கார்ந்து, "தங்கள் தந்தையாரின் மறைவுக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள். சொத்து அலுவல் எமது பிரிவில் இல்லை" என்று பதில் அனுப்பினார்.

"அண்ணை, அவன் கள்ளன்!" என்றேன்.

"கள்ளனாயிருந்தாலும் தகப்பன் செத்தது செத்ததுதானே தம்பி."

"தகப்பனும் பொய் அண்ணை!"

பத்து நிமிடத்தில் இளவரசனிடமிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. அண்ணை திரையை என் பக்கம் திருப்பினார். "பாத்தீரோ? பத்து நிமிசம். எங்கட கொம்பனி பத்து நாளிலயும் பதில் போடாது. ஆர் கள்ளன்?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

அவருடைய இன்னொரு வியாதி தொலைபேசி. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிய கையோடு அவரை அழைத்து, "மெயில் போட்டிருக்கிறன், குப்பைக்குள்ள பாருங்கோ" என்பதைத் தன் உடைந்த பிரெஞ்சில் சொல்வார். இதற்குப் பின்னால் ஒரு கல்யாணக் கதை இருந்தது. மகளின் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் நேரில் போய்ச் சொன்னவர், தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த மச்சானுக்கு மட்டும், பனி கொட்டுகிறதே என்று அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டார். மச்சான் வரவில்லை. கேட்டதற்கு, "காட் வந்தது, சொல்ல ஆள் வரேல்லை" என்றாராம். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றிலிருந்து அண்ணைக்கு ஒரே சட்டம்தான். எழுதினால் மட்டும் காணாது, வாயால் சொல்ல வேண்டும்.

இப்படி இருக்கையில் ஒரு காலை, குப்பைப் பெட்டியில் ஒரு பெண்ணின் கடிதம் கிடந்தது. அண்ணை சத்தமாக வாசித்தார். "அவசரம். என் கசினோ கணக்கைத் தயவுசெய்து மூடிவிடுங்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. பிறகு நானே கெஞ்சினாலும் திறக்காதீர்கள். இது மூன்றாவது கடிதம்." முதல் இரண்டும், அண்ணையின் வாசிப்பு அவற்றை எட்டுமுன்பே, முப்பது நாள் கடந்து மறைந்துபோயிருந்தன. அந்த இடைவெளியில் 'இன்று இலவசமாக ஆடுங்கள்' என்ற எங்கள் கடிதம் அவருக்கு ஒவ்வொரு நாளும் தவறாமல் போயிருந்தது. அறைக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை.

கணக்கை மூடும் அதிகாரம் மேலாளருக்கு மட்டும்தான். அவர் சென்னைக்காரர். நெருப்புப் பிடித்தாலும் "மெயில்ல போடுங்க சார்" என்பார். அண்ணை மெயிலில் போட்டார். அதில் 'கசினோ' இருந்தது, 'அவசரம்' இருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் அண்ணை கல்யாணம் சொல்லப் போகிறவர் மாதிரி கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு, பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு மேலாளரின் அறைக்குள் போய்க் கதிரையில் அமர்ந்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

"என்ன சார், மெயில்ல போட்டிருக்கலாமே?"

"போட்டிட்டன். இப்ப சொல்ல வந்திருக்கிறன்."

"சரி, பாக்கறேன் சார். நீங்க போங்க."

"பாருங்கோ. நான் இருக்கிறன்."

இருந்தார். காலை பத்து மணிக்கு அமர்ந்தவர் அசையவில்லை. மேலாளர் சாப்பிடப் போய் வந்தார், அண்ணை இருந்தார். மேலாளர் தொலைபேசியில் பேசுவதுபோல் நடித்தார், அண்ணை தேநீர் ஊற்றிக் குடித்தார். மூன்று மணிக்கு மேலாளர் கணக்கை மூடும் பொத்தானை அழுத்தினார். அந்த வேலைக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

அண்ணை தன் மேசைக்கு வந்து அந்தப் பெண்ணை அழைத்தார். மூடியாகிவிட்டது, நீங்கள் அழுது கேட்டாலும் இனித் திறக்கமாட்டோம் என்றார். மறுமுனையில் அந்தப் பெண் அழுவது எனக்கே கேட்டது. அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தோடு முடிந்துவிட்டது. ஆனாலும் தொலைபேசியை வைக்காமல், அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை காதில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அண்ணையை வேலையிலிருந்து நீக்கி மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். அது அண்ணையின் குப்பைப் பெட்டிக்குள் விழுந்தது. அவர் வாசிக்காமல் விடுவாரா? வாசித்தார். அடுத்த நாளும் வேலைக்கு வந்தார்.

"அண்ணை, கடிதம் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"வந்தது. சொல்ல ஆள் வரேல்லை."

சம்பளப் பிரிவுக்கும் மின்னஞ்சலில்தான் அறிவித்திருந்தார்கள். அதனால் சம்பளமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

நேரில் சொல்ல மேலாளருக்குத் துணிவில்லை. கோழை! ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "உங்க ஊர்க்காரர்தானே? நீங்களே சொல்லிடுங்க."

போனேன். அண்ணை என்னைக் கண்டதும் பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினார்.

"என்ன தம்பி, சொல்ல வந்தனீரோ?"

தேநீரில் சீனி அதிகம். முழுவதையும் குடித்து முடித்தேன்.

"இல்லை அண்ணை. சும்மா வந்தனான்."

"அப்ப சரி" என்று குப்பைப் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

மேலாளர் வாசலில் காத்து நின்றார். "சொல்லிட்டீங்களா?"

"உங்களுக்கு மெயில்ல போட்டிருக்கிறன் சார்" என்றேன். உண்மையாகவே போட்டிருந்தேன். 'கசினோ' என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருந்தேன்.

அந்த அலுவலகம் வேறு நாட்டுக்குப் போகும்வரை குப்பையண்ணை வேலைக்கு வந்தார். அவருடைய தேநீரோடு கடிக்க, தினமும் இரண்டு ரோல்ஸ் நான் கொண்டுபோனேன்.